ஆம்புலன்ஸில் பிறந்த குழந்தையின் பிறப்புப் பதிவு: ஒரு நிகழ்வு ஆய்வு

சூழல்

இது 2024-ல் தமிழ்நாட்டின் ஒரு மலையடிவார வட்டத்தில் நடந்தது. குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆட்களையும் ஊரையும் அலுவலகங்களையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டேன். சுகாதாரத் துறையில் பதிவேடுகளோடு பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், இப்படிப்பட்ட சிக்கல் வந்தால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் என்னைத் தேடி வருவதுண்டு. இந்தக் குடும்பமும் அப்படி வந்ததுதான்.

தாய்க்கு இருபத்தைந்து வயது, இரண்டாவது பிரசவம். கணவர் வேறொரு மாவட்டத்தில், நகரத்தில் வேலை பார்க்கிறார். கர்ப்பம் தெரிந்ததும் அங்கேதான் பிக்மியில், அதாவது கர்ப்பிணிகளின் விவரத்தை ஏற்றும் அரசின் கணினிப் பதிவில், பதிந்து ஆர்.சி.எச். எண் என்கிற தாய்–சேய் அடையாள எண்ணை வாங்கியிருக்கிறார்கள். மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று எட்டாம் மாதம் தாய்வீட்டுக்கு வந்துவிட்டார். தாய்வீடு இருப்பது அடிவாரக் கிராமத்தில். அங்கிருந்து தாலுகா மருத்துவமனைக்கு வளைவும் நெளிவுமான சாலையில் முக்கால் மணி நேரம்.

மூத்த பிள்ளை நகரத்து அரசு மருத்துவமனையில் பிறந்தது. அப்போது பதிவுக்காக இவர்கள் எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை. மருத்துவமனையே தகவல் அனுப்பியது, கொஞ்ச நாளில் சான்றிதழை இணையத்தில் இறக்கிக்கொண்டார்கள். பிறப்பை யாராவது ஒருவர் போய்ச் சொன்னால்தான் பதிவாகும் என்பதே இந்தக் குடும்பத்துக்குத் தெரிய வாய்ப்பில்லாமல் போனது அதனால்தான்.

அந்த இரவு

இரவு பத்தே முக்கால் வாக்கில் வலி கண்டது. 108-க்குக் கூப்பிட்டார்கள். வண்டி பதினொன்றே காலுக்கு மேல் வந்து சேர்ந்து, தாயையும் அவருடைய அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பாதி வழி தாண்டியதும் தலை வெளியே தெரிந்துவிட்டது. வண்டியிலிருந்த மருத்துவ உதவியாளரே பிரசவம் பார்த்தார். 11.48-க்குப் பெண் குழந்தை. கொடியைக் கிளிப் போட்டு வெட்டி, குழந்தையைத் துடைத்து, துணி சுற்றித் தாயின் மார்பில் போட்டதாகப் பாட்டி சொன்னார். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்திருக்கிறார், ஆனால் எங்கும் நிறுத்தவில்லை.

மருத்துவமனை வாசலை அடைந்தபோது மணி 12.10. தேதி மாறிவிட்டது. நஞ்சு (நஞ்சுக்கொடி) விழுந்தது அங்கே, பிரசவ அறையில். இந்த இடத்தில்தான் பின்னால் வந்த குழப்பத்தின் வேர் இருக்கிறது. பிரசவ அறைப் பதிவேட்டில் செவிலியர் ‘பி.பி.ஏ.’ என்று எழுதியிருக்கிறார். மருத்துவமனைக்கு வந்து சேரும் முன்பே பிறந்தது என்பதற்கான மூன்றெழுத்து அது. அது சரிதான். ஆனால் தேதிக்கு மறுநாள் தேதியைப் போட்டுவிட்டார். குழந்தையின் கையில் கட்டிய சீட்டு, பி.சி.ஜி.யும் சொட்டு மருந்தும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசியும் குறித்த தாய்–சேய் அட்டை, டிஸ்சார்ஜ் தாள் எல்லாம் அந்தப் பதிவேட்டைப் பார்த்து எழுதியவை. எல்லாவற்றிலும் மறுநாள்தான்.

தாயும் சேயும் நலம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பதிவு எங்கே நின்றது

குழந்தைக்கு ஆதார் எடுக்கப் போனபோதுதான் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். குழந்தைக்கு அப்போது ஐந்து வாரம் கடந்திருந்தது. கணவர் ஆர்.சி.எச். எண்ணைப் போட்டு இணையத்தில் தேடினார், ஒன்றும் வரவில்லை.

மருத்துவமனையின் பிறப்புப் பதிவுப் பிரிவில், “இங்க பிறந்திருந்தாத்தான் நாங்க ஏத்த முடியும்” என்று சொல்லிவிட்டார்கள். பிரசவ அறைப் பதிவேட்டிலிருந்து தினமும் பட்டியல் எடுப்பவர், பி.பி.ஏ. என்றிருந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறார். ஆம்புலன்ஸ் ஊழியர்களோ மருத்துவமனையில் ஒப்படைத்ததோடு தங்கள் வேலை முடிந்தது என்று நினைத்திருக்கிறார்கள்.

அப்புறம் தாய்வீட்டுக் கிராமத்தின் வி.ஏ.ஓ. அவர் “என் எல்லையில பிறக்கலையே” என்றார். சட்டப்படி அது சரியான பதில். நகரத்தில் மாநகராட்சியிலும் அதே பதில்தான். இடையில் யாரோ மாவட்டப் பதிவாளரைப் பார்க்கச் சொல்ல, மனிதர் பத்திர ஆபீஸுக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறார். நிலப் பத்திரம் பதிகிற துறையிலும் மாவட்டப் பதிவாளர் உண்டு, பிறப்பு இறப்புச் சட்டத்திலும் மாவட்டப் பதிவாளர் உண்டு. இரண்டும் வேறு ஆட்கள். இதில் ஏமாறுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

என்னிடம் வந்தபோது அவர் முதலில் கேட்டது, “ஐயா, என் பொண்ணு எந்த ஊர்லதான் பிறந்தா?” என்றுதான்.

விதி சொல்வது

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. பதிவு நடக்க வேண்டியது பிறந்த இடத்தில். தாய் எங்கே குடியிருக்கிறார், எந்த ஊர் ரேஷன் கார்டு என்பதற்கு அதில் வேலையில்லை. மருத்துவமனையில் பிறந்தால் அதன் பொறுப்பாளரும், வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவரும் தகவல் தர வேண்டும். கெடு 21 நாள், கட்டணம் கிடையாது.

ஓடும் வண்டியில் பிறந்தால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வண்டிக்குப் பொறுப்பாக இருப்பவர், வண்டி முதலில் நிற்கும் இடத்தில் தகவல் தர வேண்டும். இங்கே வண்டி முதலில் நின்றது மருத்துவமனை வாசலில். ஆகவே மருத்துவமனை இருக்கும் நகராட்சியில்தான் இந்தக் குழந்தையைப் பதிய வேண்டும். ஓட்டுநர் சாலையோரத்தில் நிறுத்தி, நின்ற வண்டியில் பிரசவம் நடந்திருந்தால் அந்த இடம் எந்த ஊராட்சி எல்லை என்ற கேள்வி கிளம்பியிருக்கும். அதனால்தான் பாட்டியிடம் “வண்டி நின்னுதா, ஓடிக்கிட்டே இருந்துதா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். “குலுங்கிக்கிட்டே இருந்துச்சு சாமி, நான் கம்பியப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்” என்றார்.

தாமதத்துக்கு மூன்று படி இருக்கிறது. 21 நாள் தாண்டி 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணத்தோடு பதிவாளரே பதிவார். 30 நாள் தாண்டி ஓராண்டுக்குள் என்றால் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தின்படி, அந்த அனுமதியைத் தருபவர் இந்தச் சட்டத்தின் மாவட்டப் பதிவாளர். ஓராண்டும் தாண்டிவிட்டால் பதிவு இல்லை என்று ஒரு சான்று வாங்கி, கோட்டாட்சியர் நிலையில் விசாரணை நடந்து ஆணை வர வேண்டும். இந்தக் குடும்பம் நடுப்படியில் நின்றது. கஷ்டம்தான், ஆனால் கைமீறவில்லை.

கண்ணெதிரே இருந்த குறுக்குவழிகள்

இரண்டு பேர் இரண்டு குறுக்குவழி சொன்னார்கள். இருவருமே உதவ நினைத்தவர்கள்தான்.

ஒன்று, மருத்துவமனையிலேயே பிறந்ததாகப் போட்டுவிடலாம் என்பது. பதிவேட்டிலும் அட்டையிலும் மறுநாள் தேதி ஏற்கெனவே இருக்கிறது, நஞ்சும் அங்கேதான் விழுந்தது, யார் கேட்கப் போகிறார்கள் என்றார்கள். கணவருக்கு இதில் ஆசை வந்துவிட்டது. ஒரே நாளில் முடிந்துவிடும் என்றால் யாருக்குத்தான் வராது?

நான் வேண்டாம் என்றதற்கு முதல் காரணம், தேதியே பொய்யாகிவிடும். 2023 திருத்தத்துக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை இவற்றுக்கெல்லாம் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். முன்பு போல டி.சி.யை வைத்து ஒப்பேற்ற முடியாது. ஒரு நாள்தானே என்று தோன்றும். தமிழ்நாட்டில் பள்ளியில் சேர்க்க வயதை ஜூலை 31-ஐ வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்த எல்லையில் பிறந்த பிள்ளைக்கு ஒரு நாள் என்பது ஒரு படிப்பு ஆண்டு. இந்தக் குழந்தை அந்த எல்லையில் பிறக்கவில்லை என்றாலும், ஆம்புலன்ஸ் தாளில் ஒரு தேதி, சான்றிதழில் ஒரு தேதி என்று இரண்டு அரசுக் காகிதங்கள் காலம் முழுக்க ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு கிடக்கும்.

இரண்டாவது வழி, தாய்வீட்டில் வீட்டுப் பிரசவம் என்று எழுதி வி.ஏ.ஓ.விடம் பதிவது. இது இன்னும் மோசம். வீட்டுப் பிரசவம் என்று பதிவானால் கிராம சுகாதார செவிலியரிடம் விளக்கம் கேட்பார்கள். தன் மேல் தப்பே இல்லாத ஒரு பெண் அதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கும். அதோடு, தெரிந்தே பொய்த் தகவல் தருவது இந்தச் சட்டத்தின் 23-வது பிரிவில் தண்டனைக்குரிய குற்றம். தகவல் தருபவர் என்று கையெழுத்துப் போடப் போவது தாத்தா, மாட்டிக்கொள்வதும் அவர்தான்.

கடைசியில் வேறொரு விஷயம்தான் கணவரை அசைத்தது. பாட்டி ஏற்கெனவே 11.48 என்று சொல்லி ஜாதகம் எழுதிவிட்டார். சான்றிதழில் மறுநாள் தேதி வந்தால் வீட்டில் ஆயுசுக்கும் பேச்சு கேட்க வேண்டும். என் சட்ட வாதத்தைவிட அதற்கு வலு அதிகம் இருந்தது.

கார்பன் தாள்

உண்மையை எழுதுவது என்றால் உண்மைக்கு ஒரு காகிதம் வேண்டும். ஆம்புலன்ஸில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள் எழுதி, அதன் நகலை மருத்துவமனையில் கொடுப்பது வழக்கம். அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மருத்துவப் பதிவேடு அறைக்குத் தாயின் பெயரில் எழுத்து மூலம் விண்ணப்பித்து அவருடைய கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்கச் சொன்னேன்.

கேஸ் ஷீட்டின் கடைசியில் அந்தத் தாள் ஸ்டேப்ளர் போட்டு இருந்தது. மங்கிய நீல கார்பன் எழுத்து, ஒரு மூலையில் மருந்துக்கறை. பிறந்த நேரம் என்ற இடத்தில் 23.48 என்று இருந்தது. ஆனால் 8-இன் மேல் வளையம் மூடாததால் சிலர் அதை 23.43 என்று படித்தார்கள். மருத்துவமனையை அடைந்த நேரம் 00.10, அதில் சந்தேகமில்லை. கீழே, வழியில் வண்டி ஓடும்போது பிரசவமானது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. பாட்டி சொன்ன குலுங்கலுக்கு இதுதான் சாட்சி.

8-ஆ 3-ஆ என்பதற்காக ஆம்புலன்ஸ் சேவையின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். அழைத்த கைபேசி எண்ணும் தேதியும் இருந்தால் அவர்களால் எடுக்க முடிகிறது. அழைப்பு வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், பிரசவம் 23.48 என்று தட்டச்சு செய்த கடிதம் கிடைத்தது. ஐந்து நிமிட வித்தியாசத்தில் தேதி மாறாதுதான். இருந்தாலும், இப்படி ஒரு சின்ன இடறலைக் காட்டித்தான் கோப்பைத் திருப்பி அனுப்புவார்கள் என்பது என் அனுபவம்.

மருத்துவமனையிடமிருந்தும் ஒரு கடிதம் தேவைப்பட்டது. முதலில் தயங்கினார்கள். ஏன் பதியவில்லை என்ற கேள்விக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அதனால் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டோம். ‘தாயும் சேயும் இன்ன தேதி 00.10-க்கு ஆம்புலன்ஸில் வந்தார்கள், குழந்தை வரும் வழியிலேயே பிறந்திருந்தது’ என்று பதிவேட்டில் உள்ளதை மட்டும் சொல்லும் கடிதம் போதும் என்று கேட்டோம். மருத்துவ அலுவலர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

விண்ணப்பமும் ஒரு திருப்பமும்

நகராட்சியில் பதிவாளர் பொறுப்பில் இருந்த துப்புரவு ஆய்வாளர் இளைஞர். ஓடும் வண்டிப் பிறப்பை அவர் அதுவரை பதிந்ததில்லை. விதியைக் காட்டியதும் உட்கார்ந்து முழுக்கப் படித்தார். “அப்ப இது எங்க கேஸ்தான்” என்று அவர் சொன்னதும் கணவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறப்புத் தகவல் தரும் படிவம் 1, தாமதத்துக்கான காரணத்தை விளக்கித் தாய் கையெழுத்திட்ட அறிக்கை, கார்பன் தாளின் நகல், இரண்டு கடிதங்கள், பெற்றோரின் ஆதார் நகல்கள் எல்லாம் சேர்த்து அவர் மூலமாகவே மாவட்டப் பதிவாளரின் அனுமதிக்குப் போனது. படிவத்தில் பிறந்த இடம் என்றதும் மருத்துவமனையா வீடா என்றே எல்லோரும் எழுதிப் பழகியிருக்கிறார்கள். நாங்கள் ஆம்புலன்ஸில் பிறந்ததையும் வண்டி முதலில் நின்ற இடத்தையும் சேர்த்து எழுதினோம்.

கோப்பு ஒருமுறை திரும்பி வந்தது. ஆர்.சி.எச். எண்ணைக் கணினியில் போட்டால் பிரசவத் தேதி மறுநாளாகக் காட்டியது. கிராம சுகாதார செவிலியர் தாய்–சேய் அட்டையைப் பார்த்து பிக்மியில் ஏற்றியிருந்தார், அட்டையே தப்பு என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவும் இந்த எண்ணும் இணைந்தே நடப்பதால் ஒன்றைச் சரி செய்யாமல் மற்றது நகராது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே கடிதங்களைக் காட்டி, முதலில் அட்டையில் தேதியை அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் வாங்கி, அப்புறம் கணினியில் மாற்ற வைத்தோம். இந்தச் சுற்றில்தான் அதிக நாள் போனது.

தாயின் பெயர் ஓரிடத்தில் கணவர் பெயரின் முதலெழுத்தோடும், இன்னோரிடத்தில் அப்பா பெயரின் முதலெழுத்தோடும் இருந்தது. ஆதாரில் உள்ளபடியே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டோம்.

பெயருக்காகக் காத்திருக்கவில்லை

இதற்குள் குழந்தைக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. ஆனால் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூட்டுவதா குறைப்பதா என்று எண் கணிதக்காரர் சொன்னதை வைத்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அது முடியட்டும் என்று கணவர் நினைத்தார். நான் சம்மதிக்கவில்லை.

பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். சட்டத்தின் 14-வது பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது. பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சொன்னால் கட்டணம் இல்லாமல் சேர்ப்பார்கள், அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது லேசில் நடக்காது. எழுத்துப் பிழையைத் திருத்துவதென்றாலும் மூலப் பதிவை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் குறிப்பு எழுதித் தேதியோடு கையெழுத்திடுவார்கள். ஆகவே அவசரமாகப் பதிய வேண்டியது பிறப்பை, நிதானமாக எழுத வேண்டியது பெயரை. இந்த வீட்டில் தலைகீழாக நடக்கப் பார்த்தது.

முடிவு

குழந்தைக்கு நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது அனுமதி வந்தது. தாமதக் கட்டணம் கட்டியதும் அன்றே பதிவெண் விழுந்தது. தேதி சரியான தேதி, பிறந்த இடத்தில் ஆம்புலன்ஸ் என்று தெளிவாக இருந்தது. பெயர் கட்டம் காலி. அந்தச் சான்றிதழை வைத்தே ஆதார் பதிவும், பிரசவ உதவித்தொகையில் நின்றிருந்த கோப்பும் நகர்ந்தன.

இரண்டு மாதம் கழித்துப் பெயரைச் சேர்த்தார்கள். எண் கணிதக்காரர் சொன்ன கூடுதல் எழுத்தோடுதான். தாய்க்கு அது பிடிக்கவில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

மாற வேண்டியவை

பி.பி.ஏ. என்று எழுதும் வரிதான் இதில் முக்கியமான இடம். அந்த வரியைப் பட்டியலில் விட்டுவிடாமல், ஆம்புலன்ஸ் தாளை அன்றைக்கே பதிவாளருக்கு அனுப்பியிருந்தால் 21 நாளுக்குள் செலவில்லாமல் முடிந்திருக்கும். இதை அந்த மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் சொன்னபோது, இப்படி வருகிற பிறப்புகளுக்கென்று தனி நோட்டு போடுவதாகச் சொன்னார்கள். போட்டார்கள், நானே பார்த்தேன். ஆட்கள் மாறின பிறகு அது தொடருமா என்று சொல்வதற்கில்லை.

பிரசவ அறையில் நேரம் எழுதும் முறையும் மாற வேண்டும். நஞ்சு விழுந்த நேரம் வேறு, குழந்தை பிறந்த நேரம் வேறு. நள்ளிரவை ஒட்டிய பிரசவங்களில் இரண்டையும் தனித்தனியாக எழுதாவிட்டால் குழப்பம் அட்டை வரை, அட்டையிலிருந்து கணினி வரை நீளும்.

குடும்பத்தார் செய்யக்கூடியது டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே இருக்கிறது. “பிறப்புத் தகவலை யார் அனுப்புகிறீர்கள், எந்த அலுவலகத்துக்கு?” என்று கேட்டு, பதிலை அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். வழியில் பிறந்த குழந்தை என்றால் ஆம்புலன்ஸ் தாளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது, கார்பன் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். இரண்டு வாரம் கழித்து ஆர்.சி.எச். எண்ணைப் போட்டு இணையத்தில் பார்த்து, ஒன்றும் வரவில்லையென்றால் 21-ஆம் நாளுக்குள் மருத்துவமனை இருக்கும் ஊரின் பதிவாளரிடம் போய் நிற்க வேண்டும்.